சக்களத்திக்குத் தொண்டை கட்டிய நாள்

ஸ்டீயரிங்கின் நடுவில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன். முன்பக்கம் எங்கேயோ 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அதற்கு மேல் வண்டி வாயைத் திறக்கவில்லை.

"போச்சு, போச்சு, எல்லாம் போச்சு" என்று காருக்குள் உட்கார்ந்தபடி நானே கத்தினேன். அன்றைக்கு மத்தியானம்தான் வண்டிக்குத் தகுதிச் சோதனை. பிரேக் பார்ப்பார்கள், விளக்குப் பார்ப்பார்கள், ஹார்னும் பார்ப்பார்கள். ஹார்ன் அடிக்காத வண்டிக்கு எந்த மகராசன் சான்றிதழ் கொடுப்பான்?

அப்பாவின் வண்டி சாதாரண வண்டி இல்லை. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிற மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். அதில் ஏறினேன் என்று யாரும் சொல்ல முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். அம்மா உயிரோடு இருந்தவரை அதைச் சக்களத்தி என்றுதான் சொல்லுவாள். அப்பா எங்கே என்று கேட்டால், "சக்களத்திக்கு எண்ணெய் மாத்திக்கிட்டு இருக்கார், இப்ப கூப்பிட்டா காது கேக்காது" என்பாள். அவள் போன பிறகு நாங்களும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டோம்.

அப்பா லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு சலவை நிறுவனத்துக்கு வேன் ஓட்டுகிறேன். மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துவைத்த விரிப்புகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அழுக்கு மூட்டைகளை அள்ளிக்கொண்டு வருவேன். நாள் முழுக்கத் தெருவில் கிடக்கிறவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? எனக்கு மூக்குக்கு மேல் வரும். ஆனாலும் அப்பா என்னைச் சக்களத்தியை ஓட்ட விட்டதில்லை. "உனக்கு வேன் கை. இவ அத தாங்க மாட்டா" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார். ஓட்டத்தான் விடமாட்டார், துடைக்க விடுவார். அன்று காலையும் சோதனைக்காக டாஷ்போர்டைத் துடைக்க உட்கார்ந்தவள்தான், கை சும்மா இருக்காமல் ஹார்னை அழுத்திப் பார்த்தேன்.

இந்தச் சோதனைக்கு நான் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அண்ணன் வந்திருந்தான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டான். "அப்பா, வயசாயிடுச்சு. வண்டி ஓட்டினது போதும், சாவியக் குடுங்க, வித்துடலாம்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷத்துக்கு நாலு தடவை எட்டிப் பார்க்கிறவன் சட்டம் பேசுகிறான் பாருங்கள். அம்மா போன புதிதில் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. எழுப்பியது நானும் இல்லை, அவனும் இல்லை, இந்த வண்டிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக எழுந்து ஷெட்டுக்குப் போனார், வண்டியை எடுத்தார், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து பசிக்கிறது என்றார். அந்த வண்டியை விற்றால் அவர் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார். அந்தப் பயம் எனக்கு.

நானும் அண்ணனும் போட்ட சண்டையில் மேஜையிலிருந்த தண்ணீர் ஜாடி கவிழ்ந்தது. கடைசியில் அப்பாதான் கையைத் தூக்கினார். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. அடுத்த மாசம் வண்டிக்கு டெஸ்ட் இருக்கு. பாஸ் ஆச்சுன்னா சாவி என்கிட்ட இருக்கும், ஒரு வருஷத்துக்கு யாரும் வாயத் திறக்கக் கூடாது. ஃபெயில் ஆச்சுன்னா சாவி உனக்கு. ஏதாவது ஒண்ணே ஒண்ணுல ஃபெயில் ஆனாக்கூட."

அந்த 'ஒண்ணே ஒண்ணு' என்னத்துக்கு என்று எனக்கு அப்போதே எரிச்சல். அண்ணன் கேட்கவில்லை, இவராக வாயைக் கொடுத்தார். வீம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

என் கத்தல் கேட்டு அப்பா ஷெட்டுக்கு வந்தார். பழைய பேன்ட், குளியலறைச் செருப்பு, கையில் தேநீர்க் கோப்பை.

"என்னம்மா?"

"ஹார்ன் அடிக்கல."

"அடிக்கலையா? அடடா" என்றார். ஒரு வாய் தேநீர் குடித்தார். "அப்ப ஃபெயில்தான்."

"என்னப்பா இப்படி உடனே கையத் தூக்கறீங்க? ஒரு ஹார்ன் மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"இன்னிக்கே எப்படி மாத்தறது? அதுவும் எனக்கு வயிறு வேற சரியில்ல."

இந்த வயிற்றுக் கதை கொஞ்ச நாளாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், வயிறு சரியில்லை என்பார். நானும் காரத்தைக் குறைத்தேன், எண்ணெயைக் குறைத்தேன், மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மருத்துவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என் வயித்த விட நல்லா இருக்கு" என்றார். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட.

"வயித்த அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக்குக்கு ஃபோன் செய்தேன்.

அந்த மெக்கானிக்கை எல்லோரும் சைலன்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயை மூடவே மாட்டான் என்பதால் வந்த பெயர். எங்கள் தெரு முனை திரும்பினால் அவன் பட்டறை. பேசிக்கொண்டே வந்தான், பேசிக்கொண்டே ஜாக்கியை வைத்தான், பேசிக்கொண்டே முன்சக்கரத்தைக் கழற்றினான். ஸ்போர்ட்ஸ் காரில் ஹார்னைப் பார்ப்பதென்றால் லேசு இல்லை. மற்ற வண்டியில் மூடியைத் திறந்தால் முகத்துக்கு நேரே இருக்கும். இதில் பம்பருக்குப் பின்னால், சக்கரத்து மேல்வளைவின் பிளாஸ்டிக்கைக் கழற்றி, உள்ளே தலையை நுழைத்தால்தான் தெரியும்.

"மனுஷன் கை நுழையற மாதிரி ஒரு இடம் வெச்சிருக்கானா பாருக்கா" என்றான் சக்கரக் குழிக்குள்ளிருந்து. "இத டிசைன் பண்ணினவன் மட்டும் என் கையில கெடச்சான், இதுக்குள்ளயே விட்டு மூடிடுவேன்."

ஃபியூஸைப் பார்த்தான், நன்றாக இருந்தது. என்னை ஹார்னை அழுத்தச் சொன்னான், 'டிக்' கேட்டது. "ஹார்னுக்குக் கரண்ட்டத் தள்ளி விடற ரிலே உயிரோடதான் இருக்கு." பிறகு ஹார்னுக்கு வரும் ஒற்றை வயரைப் பிடுங்கி, டெஸ்ட் லேம்ப்பை அதில் தொட்டுப் பார்த்தான். நான் அழுத்தும்போதெல்லாம் குட்டி பல்பு எரிந்தது.

"முடிஞ்சுதுக்கா. கரண்ட் வாசல் வரைக்கும் வருது, உள்ள ஆள் இல்ல. ஹார்ன் செத்துப் போச்சு."

"ரெண்டு ஹார்ன் இருக்கே. ரெண்டும் ஒரே நாள்ல எப்படிடா சாகும்?"

"ஜோடி இல்லியாக்கா? ஒண்ணு போனா இன்னொண்ணு தனியா இருக்குமா?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சைலன்சரின் தலையில் ஸ்பேனரால் ஒன்று போடலாம் போலிருந்தது.

வேனை எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் பறந்தேன். கடைக்காரர் ஓர் அட்டைப் பெட்டியிலிருந்து இரண்டு ஹார்ன்களை எடுத்து, கவுண்டருக்கு அடியில் இருந்த பேட்டரியில் வைத்து அடித்துக் காட்டினார். ஒன்று கட்டைக் குரல், இன்னொன்று கீச்சுக் குரல், இரண்டும் சேர்ந்தால்தான் கார்க் குரல். கடையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திரும்பி வரும்போது அண்ணன் ஃபோன் செய்தான். "எப்படிப் போகுது?"

"அருமையா போகுது. உன் வேலையப் பாரு."

"நீ இப்படிப் பேசினா ஏதோ சரியில்லன்னு அர்த்தம்."

"நீ இப்படிக் கேட்டா சாவிக்கு அலையறேன்னு அர்த்தம்" என்று வைத்துவிட்டேன்.

சைலன்சர் பழைய ஜோடியைத் தகட்டிலிருந்து கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, அதே தகட்டில் புது ஜோடியை மாட்டினான். வயரைச் செருகினான். "அக்கா, ஊரையே எழுப்பு" என்றான். நான் அழுத்தினேன்.

டிக்.

மறுபடி அழுத்தினேன். டிக். சைலன்சர் பேச்சை நிறுத்தினான். எனக்குத் தெரிந்து அது நடந்ததே இல்லை. அப்படியே ஊர்ந்து வெளியே வந்து, பழைய ஹார்னில் ஒன்றை எடுத்து, வயரைச் சுற்றி நேராக பேட்டரியில் வைத்தான். 'ப்பாஆம்' என்று அது போட்ட கூப்பாட்டில் அப்பா நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார்.

"இது சாகவே இல்லியேக்கா!"

"அத மொதல்லயே பாக்க வேண்டியதுதானே, மடப்பயலே!"

"லேம்ப் எரிஞ்சுதே... அப்ப ரிலேதான். சத்தம் போடுது, ஆனா கரண்ட்ட முழுசா தள்ள மாட்டேங்குது. சின்ன பல்புக்குப் போதும், ஹார்னுக்குப் பத்தல. பட்டறையில ஒண்ணு இருக்கு, தேடி எடுத்துக்கிட்டு ஓடி வந்துடறேன்." பேச்சு திரும்பிவிட்டது. பேசிக்கொண்டே பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

"விடும்மா" என்றார் அப்பா. "நம்ம நேரம். வயித்துக்கு ஒரு சோடா குடிச்சுட்டுப் படுக்கறேன்."

"சும்மா இருங்கப்பா! நான் விடமாட்டேன்" என்று கத்திவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு நானே சக்கரக் குழிக்குள் தலையை விட்டேன்.

புது ஹார்ன்கள் இரண்டும் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. அவற்றைத் தாங்கும் இரும்புத் தகடு ஒரு போல்ட்டில் வண்டியின் உடம்போடு சேர்ந்திருந்தது. தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் நூல் பிடித்தாற்போல ஒரு நீலக் கோடு தெரிந்தது. வண்டி மஞ்சள், தகடு கறுப்பு. இங்கே நீலத்துக்கு என்ன வேலை?

ஹார்னுக்கு ஒரு வயர்தான். கரண்ட் அந்த வயரில் வரும், திரும்பிப் போவது அந்தத் தகடு வழியாக, வண்டியின் உடம்புக்குள். அதைத்தான் எர்த் என்பார்கள். இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். என் வேனில் ஒரு விளக்கு எரியாமல் போனபோது இதை எனக்குச் சொன்னதே அப்பாதான். ஸ்பேனரைப் போட்டு நட்டைத் திருகினேன். தகடு விலகியது. உள்ளேயிருந்து வட்டமாக வெட்டிய ஒரு ரப்பர்த் துண்டு என் மடியில் விழுந்தது. நட்டுக்கு அடியில் இன்னொன்று. போல்ட்டைச் சுற்றிக் கறுப்பு டேப், ஒரு சுருக்கம்கூட இல்லாமல், அவ்வளவு சுத்தமான வேலை.

ரப்பரைத் திருப்பிப் பார்த்தேன். மேல் பக்கம் புள்ளி புள்ளியாக மேடு. தினமும் பார்க்கிற புள்ளிதான். தலையைத் திருப்பினேன். அப்பா காலில் நீலக் குளியலறைச் செருப்பு. இடது குதிகால் பக்கம் எலி கடித்தது போல இரண்டு வட்டம் காணவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்து அவர் மெதுவாக அந்தக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று சொல்வார்களே, நான் அப்பாவைக் காலும் களவுமாகப் பிடித்தேன்.

"நீங்களா?"

திருதிருவென்று விழித்தார்.

"நான் காலையிலேருந்து நாயா பேயா அலையறேன். வேலைக்கு லீவு போட்டிருக்கேன். அண்ணன்கிட்ட வாய்க்கு வாய் பேசி மல்லுக்கு நிக்கறேன். நீங்க இங்க உக்காந்து தேநீர் குடிச்சுக்கிட்டு... ஏம்ப்பா? ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"வயிறு சரியில்லம்மா" என்றார்.

இன்னும் கத்தத்தான் வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை அப்போதுதான் காதில் சரியாக விழுந்தது. எங்கள் வீட்டில் யாரும் பயமாக இருக்கிறது என்று சொன்னதே கிடையாது. பரீட்சை அன்று அண்ணனுக்கு வயிறு சரியிருக்காது. முதல் நாள் வேன் ஓட்டக் கிளம்பியபோது எனக்கு வயிறு சரியில்லை. ஆபரேஷனுக்குப் போகும் அன்று வாசலில் நின்று அம்மா சொன்னதும் அதேதான், அதற்கும் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் வயதானவர் வயிறு சரியில்லை என்றால் வயிறு என்றுதானே தோன்றும்? கொஞ்ச நாளாக அந்த மனிதர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், நான் காரத்தைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டார்ச்சை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "என்ன ஆச்சு, சொல்லுங்க."

"ஒண்ணும் ஆகல. அதான் அதிர்ஷ்டம்." கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே பேசினார். "நூலகத்துக்குப் பக்கத்துத் திருப்பம் இருக்குல்ல, அங்க ஒரு பொண்ணு சைக்கிளத் தள்ளிக்கிட்டு ரோட்டக் கடந்துச்சு. நான் பாத்துட்டேன். கண்ணு நல்லா பாத்துடுச்சு. கால்தான் கேக்கல. பிரேக் எங்க இருக்குன்னு தேடுது. இத்தன வருஷமா மிதிச்ச பிரேக்க தேடுதும்மா. வண்டி நின்னப்போ அந்த சைக்கிளுக்கும் நமக்கும் ஒரு சாண்தான்."

"அந்தப் பொண்ணு?"

"சிரிச்சுது. நான் நின்னு வழி விட்டேன்னு நெனச்சுக்கிட்டு சிரிச்சுது. கைய வேற ஆட்டிட்டுப் போச்சு."

கோப்பை காலியாகியிருந்தது. நான் வாங்கிக் கீழே வைத்தேன்.

"அன்னிலேருந்து சாவிய எடுத்தாலே வயித்தக் கலக்குது. ஞாயித்துக்கிழமை கிளம்பிப் போய், அடுத்த தெருவுல நிறுத்திட்டு, கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டு வந்துடுவேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நீ எனக்காக அவன் சட்டையப் பிடிக்காத குறையா சண்ட போடற. தண்ணி ஜாடியெல்லாம் கவுக்கற. 'எங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகல, சிங்கம் மாதிரி ஓட்டுவார்'ங்கற. சிங்கத்துக்கு பயமா இருக்குன்னு உன்கிட்ட எப்படிம்மா சொல்லுவேன்?"

சுருக்கென்று தைத்தது. நான் அவர் பக்கம் நின்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வழியில் நின்றிருக்கிறேன்.

"அதான் ஃபெயில் ஆயிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டீங்கன்னு..." அப்பா அசடு வழியச் சிரித்தார். "எஞ்சின்ல கை வைக்க மனசு வரல. பிரேக்ல வெச்சா பாவம். ஹார்ன்தான் ஒண்ணு. அவளுக்கு வலிக்காது பாரு, கொஞ்ச நேரம் தொண்ட கட்டின மாதிரி இருப்பா, அவ்வளவுதான்."

"ஃபெயில் ஆனா அவன் வித்துடுவானே, தெரியும்ல?"

"தெரியும். அதான் ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வண்டி ஷெட்டை விட்டுப் போனதும் என் மூச்சு பாதியில் நிற்கும், திரும்பி வரும் சத்தம் கேட்டால்தான் மிச்சம் வெளியே வரும். அண்ணனிடம் அதைச் சொல்வேனா? செத்தாலும் சொல்ல மாட்டேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி என்பார்களே, அப்பா அந்தச் செருப்போடு உட்கார்ந்து எனக்கு வார்த்தார். அவரை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. அவரே நின்றுவிட்டார்.

ஆனால் ஒரு ஹார்னிடம் தோற்றுப் போய் நிற்க நான் விடுவேனா?

"இங்க பாருங்கப்பா. பாஸ் ஆனா சாவி உங்களோடது. உங்க சாவிய நீங்க யாருக்கு வேணாலும் குடுக்கலாம். அன்னிக்குப் பேசினதுல அதுக்குத் தடை எதுவும் இல்ல."

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் எங்கே வருகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"உனக்கு வேன் கை" என்றார்.

"வேன் கைதான். வேணும்னா குடுங்க, இல்லன்னா இந்த ரப்பர திருப்பி உள்ள வெச்சு மூடிடறேன்."

அவர் பேன்ட் பையில் கையை விட்டார். ரொம்ப நேரம் துழாவிக்கொண்டே இருந்தார். பிறகு சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மூடினார். "கிளட்ச்ச மட்டும் மெதுவா விடு" என்றார்.

தகடு உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். டேப்பை உரித்தேன். தகட்டை இரும்போடு இரும்பாக வைத்து நட்டை முறுக்கினேன். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் கால் திருப்பு" என்றார். காருக்குள் போய் உட்கார்ந்து அழுத்தினேன்.

கட்டையும் கீச்சும் சேர்ந்து அப்படி ஒரு சத்தம். ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்து வீட்டு நாய் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தது. நான் கையை எடுக்கவே இல்லை. அப்பா காதைப் பொத்திக்கொண்டு, "போதும்டி, போதும்டி" என்று கத்தினார், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

தெரு முனையிலேயே சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சைலன்சர் பைக்கில் பறந்து வந்தான், கையில் ரிலே. "எப்படிக்கா? எப்படி?"

ரப்பர்த் துண்டுகள் என் பையில் இருந்தன. "எர்த் சரியில்ல. துரு" என்றேன்.

"அதான் நான் மொதல்லயே நெனச்சேன்!" என்றான் சற்றும் கூசாமல். நல்ல வேளை, சக்கரத்தை மாட்டி முடிக்கும்வரை அவன் அப்பாவின் காலைப் பார்க்கவில்லை. அப்பா அதற்குள் உள்ளே போய் ஷூ போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

சோதனை நிலையத்துக்கு நான் ஓட்டினேன். முதல் கியரில் வண்டி ஒரு குதி குதித்தது. "வேன் இல்ல, வேன் இல்ல" என்றார் அப்பா. வேனில் சன்னலிலிருந்து கீழே பார்த்தே பழகியவளுக்கு, இதில் பக்கத்து லாரியின் சக்கரம் முகத்துக்கு நேரே சுற்றியது. அப்பாவுக்கு என்னை விட மோசம். அந்த சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. வழி நெடுக வலது கால் தரை விரிப்பை மிதித்துக்கொண்டே வந்தது.

"அங்க பிரேக் இல்லப்பா."

"தெரியும். இருந்தாலும் மிதிச்சு வைக்கறேன்."

பரிசோதகர் சிடுமூஞ்சி மனிதர். விளக்கைப் போடச் சொன்னார், அணைக்கச் சொன்னார், சக்கரங்களை உருளைகளில் ஏற்றி பிரேக்கை மிதிக்கச் சொன்னார். அடியில் புகுந்து எதையெதையோ தட்டினார். கடைசியாக என் பக்கம் வந்து, "ஹார்ன்" என்றார்.

அடித்தேன். வஞ்சனை இல்லாமல் அடித்தேன். வரிசையில் பின்னால் நின்றிருந்த வண்டிக்காரர் தனக்குத்தான் என்று நினைத்துப் பின்னால் நகர்ந்தார்.

"இருக்கா இல்லையான்னுதான் பாக்கணும்மா" என்றார் பரிசோதகர் காதைத் தேய்த்துக்கொண்டு. முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

வெளியே வந்து ஓரமாக நிறுத்தினேன். அப்பா ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அண்ணனைக் கூப்பிட்டார்.

"பாஸ்" என்றார்.

"சரிப்பா. பேச்சுன்னா பேச்சுதான். ஒரு வருஷத்துக்கு வாயத் திறக்க மாட்டேன்" என்றான் அண்ணன். குரல் இறங்கிப்போயிருந்தது. வீம்பு பிடித்தவன், சாவி போன ஆத்திரம் என்று நான் நினைத்தேன்.

"சாவிய உன் தங்கச்சிகிட்ட குடுத்துட்டேன். இனிமே அவதான் ஓட்டுவா."

"ஏம்ப்பா? அதான் பாஸ் ஆயிடுச்சே?"

அப்பா என்னைப் பார்த்தார். வயிற்றின் மேல் கையை வைத்தார். வயிறு என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கு ஓட்ட பயமா இருக்குடா" என்றார்.

"அப்பாடா!" என்றான் அண்ணன். அவன் வாயிலிருந்து அது அவனை மீறி வந்துவிட்டது.

"என்னடா, பெத்தவனையே 'டா' போட்டுக் கூப்பிடற?"

அண்ணன் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எனக்கு அந்த வண்டி வேண்டாம்ப்பா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டீங்களான்னு கேக்க ஃபோன எடுப்பேன். ஓட்டிக்கிட்டு இருக்கும்போது அடிச்சு, நீங்க எடுக்கப் போய், அதுலயே ஏதாவது ஆயிடுச்சுன்னா... கேக்காமலே வெச்சுடுவேன். சாயங்காலம் வரைக்கும் உசிரு கையில இருக்காது."

சாவி போன ஆத்திரம் என்று நினைத்தேனே, என் தலையில் நானே ஒன்று போட்டுக்கொண்டேன்.

அப்பா ஃபோனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இனிமே கூப்பிடுடா" என்றார். "அவ ஓட்டும்போதே கூப்பிடு. நான் எடுத்துப் பேசறேன். கை சும்மாதானே இருக்கும்."